ஒரே சுருதியில் இரண்டு மணி நேரம்

ஆண்டர்சன்பேட்டை,
9 ஜூன் 2024

அன்புள்ள மச்சான் சுந்தரராஜ் அவர்களுக்கு, நமோ புத்தாய.

இந்தக் கடிதத்தில் நான் எழுத இருப்பவை:

1. நலம்.
2. நம் ரயில் பெட்டியின் செய்தி.
3. பார்த்த படங்களும் அவற்றின் இசையும்.
4. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. நானும் யசோதராவும் நலம். வேலூரில் உங்களுக்குத் தொண்டை ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. நீங்களும் என் தங்கை சாரதாவும் ஆவடிக்கு உங்கள் மகன் மகிழன் வீட்டுக்குப் போய்ப் பதின்மூன்று வாரம். காயம் ஆறிவிட்டதா, சாப்பாடு இறங்குகிறதா என்பதை ஒளிக்காமல் எழுதவும்.

கடிதம் எதற்கு, போனில் எழுதினால் போதாதா என்று மகிழன் கேட்டான். முயன்று பார்த்தேன். நான் யோசித்து, அழித்து, மறுபடி எழுதும்போதெல்லாம் உங்கள் பக்கம் நான் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறதாம். என் தயக்கத்தை ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. காகிதம் என்றால் அடித்தல் திருத்தலையெல்லாம் நான் மட்டும் பார்த்துவிட்டு, உங்களுக்கு நல்ல நகலை அனுப்பலாம். இது மூன்றாவது நகல்.

இரண்டாவது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் வழக்கம்போல மாரிக்குப்பத்திலிருந்து காலை வண்டியில் பெங்களூருக்குப் போய் வருகிறேன். டிராயிங் ஆபீசில் இன்னும் ஒரு வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஜன்னலோர இடத்தில் உமேஷ் செய்தித்தாளை விரித்து வைக்கிறார். யாராவது உட்காரப் போனால் வின்னி, “அங்கிள் வர்ற சீட்டு அது, எழுந்துருங்க” என்கிறாள். அவள் வைட்ஃபீல்டில் இறங்கி லேபுக்குப் போகும்வரை அந்தக் காவல் நடக்கிறது. பாட்டுத்தான் இல்லை. நீங்கள் பாடாததால் உமேஷ் போனில் ஜெரோம் இசையைப் போடுகிறார். என்னால் உட்கார முடிவதில்லை. பங்காருபேட்டை தாண்டியதும் எழுந்து கதவருகே நின்றுகொள்கிறேன்.

மூன்றாவது. உங்கள் வேதகிரி இசையமைத்த ‘வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை’ பார்த்தேன். இரண்டாவது பாட்டு மிக நல்ல மெட்டு. ஆனால் சரணத்தில் புல்லாங்குழல் வரத் தேவையில்லை. என் பூபதிராவாக இருந்தால் அந்த இடத்தைச் சும்மா விட்டிருப்பார். இது என் கருத்து மட்டுமே. தவறாக இருக்கலாம்.

நான்காவது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அக்டோபர் 10, வியாழக்கிழமை, பெட்டியில் மாவிலை கட்டிப் பொரிகடலை கொடுத்து, அந்த வருடத்தின் சிறந்த பாடல், சிறந்த பின்னணி இசை என்று ஓட்டெடுத்த முடிவுகளைச் சொல்வோம் அல்லவா? பத்தொன்பது வருடமாக, ஒரே ஒரு முறை தவிர, அதை அறிவித்தது உங்கள் குரல். இந்த முறை என்னைச் சொல்லச் சொல்கிறார்கள். என்னால் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். சொல்ல வேண்டாம், பாட வேண்டாம். வந்து உங்கள் இடத்தில் உட்கார்ந்தால் போதும். வருவீர்களா?

அன்புடன்,
சின்னப்பா


ஆவடி,
24 ஜூன்

மச்சான்,

நல்லா கீறியா? யசோதரா அக்கா நல்லா கீதா? நம்பர் போட்டு எழுத எனக்கு வராது. வாயால பேசுற மாதிரிதான் எழுதுவேன். வாயில பேச முடியாதவன் வேற எங்க பேசுறது?

ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. கழுத்துல ஒரு ஓட்டை, மேல ஒரு துணி. மூச்சு அந்த வழியாத்தான். தும்மினா கழுத்துலருந்து வருது. பேத்தி மேகனா மொதல்ல அத்த பாத்து ஓடினா. இப்ப “தாத்தா, இன்னொரு வாட்டி தும்மு”ன்றா. பேசணும்னா சிலேட்டுல எழுதுறேன். சாரதாவோட சண்ட போட முடியல மச்சான். நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள அவ சமையக்கட்டுக்குப் போயிடறா.

நாலாவது மாடி. தங்கச் சுரங்கத்து கேஜ்ல ஏழாயிரம் அடி எறங்கி ஏறினவன் நான். இந்த லிஃப்ட்ல ஏறத்தான் பயமா கீது. நடுவுல நின்னுட்டா மணி அடிக்கலாம், “யாரு?”ன்னு கேப்பான். நான் இன்னா சொல்றது? அதனால படிக்கட்டுலயே போறேன், வரேன். ஒரு நாளைக்கு ஆறு தடவ. வீட்டுல உக்கார முடியல.

நீ கேட்டதுக்குப் பதில்: வர மாட்டேன். நான் பெட்டிக்கு வந்தேன்னா அது பாட்டுக்கும் கலாட்டாவுக்கும். ஊமையா ஜன்னல் பக்கம் உக்காந்துகினு வரதுக்கு, உமேஷ் விரிக்கிற பேப்பரே போதும்.

ஆனா ஒரு வேலை சொல்றேன், செய். ‘பதினேழாம் கம்பம்’னு ஒரு படம் வந்திருக்கு. கரண்ட் கம்பத்துல ஏறுற லைன்மேன் கதை. மியூசிக் அந்த ஜெரோம் பையன். படம் முழுக்க ஒரே சுருதி. கம்பில கரண்ட் ஓடுற மாதிரி ஒரே ‘ம்ம்ம்’. மேலயும் போவாது, கீழயும் வராது. நான் பாத்துட்டேன். இன்னா நெனைக்கிறேன்னு சொல்ல மாட்டேன். நீ பாத்துட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது: அந்த ஒரே சத்தத்த ஒரு மனுஷன் ரெண்டு மணி நேரம் உக்காந்து கேக்க முடியுமா?

முகத்துக்காவ எழுதாத. நீ எழுத மாட்டேன்னு தெரியும். அதுக்குத்தான் உன்னைக் கேக்குறேன்.

சுந்தரராஜ்


ஆண்டர்சன்பேட்டை,
15 ஜூலை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, நமோ புத்தாய. இங்கு இருவரும் நலம். உங்கள் தும்மலைப் பற்றிப் படித்து யசோதரா சிரித்துவிட்டு, பிறகு அழுதாள்.

நீங்கள் சொன்ன படம் இங்கே தாமதமாகத்தான் வந்தது. ஜூலை 7, ஞாயிறு மாலைக் காட்சி, ராபர்ட்சன்பேட்டையில் பார்த்தேன். ஹாலில் என்னைச் சேர்த்து இருபத்து மூன்று பேர். வெள்ளிக்கிழமை வந்த படத்தை நான்கே நாளில் எடுத்துவிட்டார்கள். பங்காருபேட்டைக்கு வரவே இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்கள்:

1. முதல் பத்து நிமிடம் புதுமையாக இருக்கிறது. லைன்மேன் முதன்முதலாகக் கம்பத்தில் ஏறும் காட்சிக்கு அந்த ஒலி பொருந்துகிறது.

2. அதன் பிறகு அது இசை அல்ல. சிரிக்கும் காட்சிக்கும் அதே சுருதி, சாவுக் காட்சிக்கும் அதே சுருதி. ஏறாமலும் இறங்காமலும் ஒரு சத்தம் நின்றால் அதற்குள் மனிதன் இல்லை, மெஷின்தான் இருக்கிறது.

3. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதேபோல ‘ம்ம்ம்’ என்றார். நான்கு பேர் எழுந்து போனார்கள். நானும் இரண்டு முறை வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

4. ஆகவே, ஒரு மனிதன் இதை இரண்டு மணி நேரம் கேட்க முடியுமா என்றால், முடியாது. இதைக் கேட்பதைவிடப் பேசாமல் இருப்பது மேல்.

வழக்கமாக என் கருத்து தவறாக இருக்கலாம் என்று எழுதுவேன். இந்த முறை எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களுக்கும் இதே எண்ணமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜெரோமை நாம் இருவரும் சேர்ந்து திட்டுவது எனக்குச் சந்தோஷம்.

அக்டோபர் 10 பற்றி மறுபடி யோசிக்கவும்.

அன்புடன்,
சின்னப்பா


ஆண்டர்சன்பேட்டை,
11 ஆகஸ்ட்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் வந்து நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகிறது. உடல்நலம் எப்படி இருக்கிறது? மகிழனுக்குப் போன் செய்தேன். “அப்பா நல்லாத்தான் இருக்காரு மாமா” என்றான். உடனே போனை வைத்துவிட்டான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

என் கடிதத்தில் ஏதோ தவறு என்று தோன்றுகிறது. நகலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். காரணமாக இருக்கக்கூடியவை:

1. வேதகிரியின் புல்லாங்குழலைக் குறை சொன்னது.
2. யசோதரா சிரித்தாள் என்று எழுதியது.
3. அக்டோபர் 10 பற்றி மறுபடி வற்புறுத்தியது.

இவற்றில் எதுவாக இருந்தாலும் மன்னிக்கவும். தபால்காரர் வரும் நேரத்தில் நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். “லெட்டர் போட்டுட்டு போஸ்ட்மேனை மொறச்சிப் பாத்தா பதில் வந்துடுமா? பாவம், அவர் சைக்கிளைத் திருப்பினு அந்தச் சந்துல போறாரு” என்று யசோதரா திட்டுகிறாள்.

ஒரு வரி எழுதினாலும் போதும்.

சின்னப்பா


ஆவடி,
19 ஆகஸ்ட்

அண்ணா,

நீயும் அண்ணியும் சவுக்கியமா? இங்க எல்லாரும் இருக்கோம். நான் எழுதுறது அவருக்குத் தெரியாது. மேகனாவை ஸ்கூல்ல விட்டுட்டு, வழியில போஸ்ட் ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து எழுதுறேன்.

நீ மூணு காரணம் போட்டிருந்தே. மூணும் இல்ல.

மே மாசம் ஆஸ்பத்திரியில அவருக்கு ஒரு மெஷின் கொடுத்தாங்க. டார்ச் லைட் அளவுதான் இருக்கும். அத்த கழுத்துல வெச்சு அழுத்திக்கிட்டு வாயை அசைச்சா பேச்சு வருது. ஆனா அண்ணா, எல்லா வார்த்தையும் ஒரே சுருதிதான். கோவமும் அதேதான், கொஞ்சுறதும் அதேதான். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு தெனம் ஒரு மணி நேரம் பழகுவாரு. உன் பேரைத்தான் அதிகமா சொல்லிப் பாப்பாரு. “மச்சான், டிக்கெட் எடுத்தியா”, “மச்சான், தள்ளி உக்காரு”. வெளியில நின்னு கேட்டுட்டு நானும் மேகனாவும் சத்தம் வராம சிரிப்போம். பெட்டிக்கு வரணும்னு ஆசை இல்லாமலா அதெல்லாம்?

அந்தப் படத்துக்கு மகிழன்தான் கூட்டிட்டுப் போனான். திரும்பி வந்து ராத்திரி சாப்பாட்டுல சிலேட்டுல எழுதினாரு: “என் மெஷின் மாதிரியே ஒருத்தன் மியூசிக் போட்டிருக்கான்.” அப்புறம்தான் உனக்கு அந்தக் கேள்வி எழுதினாரு.

உன் பதில் வந்த அன்னிக்குச் சாப்பிட்டுட்டிருந்தாரு. மெஷினை எடுத்து “உப்பு பத்தல”ன்னாரு. நான் உப்போட உன் கடிதாசியையும் கொண்டாந்து கொடுத்தேன். படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. எழுந்து போய் மெஷினை அட்டைப் பெட்டியில போட்டு பீரோ மேல வெச்சிட்டாரு. அதுக்கப்புறம் எடுக்கல. “உப்பு பத்தல”தான் நான் கேட்ட கடைசி பேச்சு.

உன்மேல தப்புன்னு சொல்லல. உனக்குத் தெரியாது. ஆனா ஏதாவது பண்ணு.

சாரதா


ஆண்டர்சன்பேட்டை,
24 ஆகஸ்ட்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, நமோ புத்தாய. நலம். நலமறிய ஆவல்.

ஒரே ஒரு செய்திதான். நேற்று ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில் ‘பதினேழாம் கம்பம்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். என் கருத்து முற்றிலும் மாறிவிட்டது. அந்த ஒற்றைச் சுருதி மிகவும் ஆழமானது. இரண்டு மணி நேரம் என்ன, நாள் முழுவதும் கேட்கலாம். ஹாலில் அனைவரும் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் கைதட்டினார்கள். முந்தைய கடிதத்தில் நான் எழுதிய நான்கு கருத்துகளையும் திரும்பப் பெறுகிறேன்.

அன்புடன்,
சின்னப்பா


ஆவடி,
2 செப்டம்பர்

மச்சான்,

நாலு நாள்ல தூக்கிட்டாங்கன்னு எழுதினவன் நீ. பங்காருபேட்டைக்கே வரலன்னு எழுதினவனும் நீ. அப்புறம் ஆகஸ்ட் மாசத்துல உனக்காவ தனியா ஓட்டினாங்களா? கைதட்டினது யாரு, நாற்காலிங்களா?

சாரதா எழுதிட்டாளா? பரவால்ல. அவளை ஒண்ணும் கேக்கல. சிலேட்டுல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் காட்டினேன், அவளே அழுதுட்டா.

இருவத்திரண்டு வருஷம் மச்சான். மைன்ஸ் மூடினதுலருந்து ஒரே பெட்டி. வேதகிரி பாட்டு ஒண்ணையாவது முழுசா நல்லாருக்குன்னு சொல்லியிருப்பியா? என் கல்யாண நாள் அன்னிக்குப் பாடினப்பக்கூட “ரெண்டாவது வரியில நழுவிட்டீங்க”ன்னு சொன்னவன் நீ. பெட்டியில நம்ம சட்டம் இன்னா? ரெண்டாவது வாட்டி பாக்காம கட்சி மாறினா அவன் பெட்டிக்கே டீ வாங்கித் தரணும். ஏன் அந்தச் சட்டம்? மூஞ்சிக்காவ எவனும் பேசக் கூடாதுன்னு. நீ போட்ட சட்டம்.

நீ மொதல்ல எழுதினது வலிச்சுது. வலிச்சா இன்னா, நீ என்னைச் சுந்தரராஜாத்தான் வெச்சிருந்த. இப்ப எழுதினது பாரு, அதுல நான் நோயாளி. ஆரஞ்சுப் பழம் வாங்கினு வந்து பாக்குற மாதிரி எழுதியிருக்க.

நான் அந்த மெஷின்ல பேசினா பெட்டி சிரிக்கும். ஹால்ல மூக்கைப் பிடிச்சினு ‘ம்ம்ம்’னானே ஒருத்தன், அந்த மாதிரி பத்து பேர் நம்ம பெட்டியில கீறாங்க. எனக்குத் தெரியாதா, நான்தான அவனுங்களுக்குக் கலாட்டா பண்ணக் கத்துக் கொடுத்தேன்.

இனிமே இதைப் பத்தி எழுதாத.

சுந்தரராஜ்


ஆண்டர்சன்பேட்டை,
12 செப்டம்பர்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு வாரம் எழுதாமல் இருந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நிலையம் தெரியாமல் கிழக்கு பெங்களூரில் இறங்கிவிட்டேன். ஆபீசில் ஒரு வரைபடத்தில் கதவை மாடிப்படியின்மேல் போட்டதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

1. நான் பொய் சொன்னேன். எழுபது வயதில் முதல் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இசையைப் பற்றி இதுதான் முதல்.

2. அந்தப் படம் இப்போது போனில் வந்துவிட்டது. வின்னியின் போனில், மூன்று நாள் காலையாகப் பிரித்து, இரண்டாம் முறை முழுவதும் பார்த்தேன். இது உண்மை. அவளைக் கேட்கலாம். என் கருத்து மாறவில்லை. சாவுக் காட்சியில் ஜெரோம் அந்தச் சத்தத்தை நிறுத்தியிருக்க வேண்டும். அது மோசமான பின்னணி இசை. நான்கு கருத்துகளில் மூன்றை மறுபடி வைத்துக்கொள்கிறேன்.

3. நான்காவதை வைத்துக்கொள்ள மாட்டேன். ‘பேசாமல் இருப்பது மேல்’ என்று எழுதினேன். ஒரு படத்தைப் பற்றித்தான் எழுதினேன். ஆனால் எழுதியது என் கை. நினைக்கும்போதெல்லாம் எழுந்து நடக்கிறேன்.

4. உங்கள் மெஷினை நான் கேட்டதில்லை. கேட்காததைப் பற்றி எனக்குக் கருத்து கிடையாது. கேட்ட பிறகு நல்லதோ கெட்டதோ முகத்துக்கு நேரே சொல்லுவேன். இதை நம்பலாம்.

5. பெட்டி சிரிக்கும் என்கிறீர்கள். உமேஷிடமும் வின்னியிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியில் செவ்வாய், வியாழன், சனி என்று உட்காருபவன் நான். உங்கள் இடத்தில் விரித்த செய்தித்தாளை யாரும் படிக்கக்கூட எடுப்பதில்லை. யாரும் சிரிக்க மாட்டார்கள். எதையும் உறுதியாகச் சொல்லாத நான் இதை உறுதியாக எழுதுகிறேன். சாரதாவுக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

6. ஓட்டு எண்ணிக்கை என்னிடம் வந்துவிட்டது. அறிவிப்பைப் படிக்கப்போவது நான்தான். 2011இல் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் படித்தேன், நினைவிருக்கிறதா? முடித்து உட்கார்ந்த பிறகு, “எப்ப சார் ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார்கள்.

வாருங்கள், மச்சான்.

சின்னப்பா


ஆவடி,
27 செப்டம்பர்

மச்சான்,

மூணு கருத்த வெச்சிக்கினியே, அதுக்காவ எழுதுறேன்.

புதன்கிழமை, 9ஆம் தேதி, மகிழன் என்னைக் கொண்டாந்து விடுவான். சாரதா வரல, மேகனாவுக்குப் பரீட்சை. வியாழன் காலையில பெட்டியில வரேன். அன்னிக்கே கண்டோன்மென்ட்ல வண்டி பிடிச்சு ஆவடி திரும்பிடுவேன்.

கேளு. அறிவிப்பு நீதான் படிக்கணும். நான் சும்மா உக்காந்துகினு வருவேன். மெஷின் பைக்குள்ள இருக்கும். அத்த எடு, பேசுன்னு எவனாவது சொன்னா, நீயா இருந்தாலும் சரி, டேக்கல் ஸ்டேஷன்லயே எறங்கிடுவேன்.

யாரும் சிரிக்க மாட்டாங்கன்ற. சரி. நீ சொல்ற.

சுந்தரராஜ்


ஆண்டர்சன்பேட்டை,
15 அக்டோபர்

அன்புத் தங்கை சாரதாவுக்கு, நமோ புத்தாய. நாங்கள் நலம். மேகனா பரீட்சை நன்றாக எழுதினாளா?

‘வந்ததுலருந்து அவர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார், அங்க இன்னா நடந்துச்சு?’ என்று கேட்டிருந்தாய். வரிசையாக எழுதுகிறேன்:

1. புதன்கிழமை, நம் வீட்டில்.
2. வியாழன் காலை, பெட்டியில்.
3. நான் எழுதியதில் ஒரு பிழை.

புதன்கிழமை மச்சான் நன்றாகச் சாப்பிட்டார். உப்பு சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். மெஷினைப் பற்றி அவரும் சிலேட்டில் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் அறிவிப்புத் தாளை எடுத்துப் படிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். “ரெண்டு பேரும் பொண்ணு பாக்கவா போறீங்க? உக்காருங்களேன்” என்றாள் யசோதரா.

வியாழன் காலை மாரிக்குப்பத்தில் உமேஷ் எங்களைப் பார்த்ததும் இடத்திலிருந்த செய்தித்தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வின்னி அவர் கையில் பொரிகடலைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். எல்லாரும் அவர் கழுத்துத் துணியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதுவே பெரிய சங்கடமாக இருந்தது. பங்காருபேட்டைவரை பெட்டியில் அப்படி ஒரு மரியாதை. அங்கே நான் அதைப் பார்த்ததே இல்லை. மச்சான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் டேக்கலில் இறங்கிவிடப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது.

நான் எழுந்து படிக்க ஆரம்பித்தேன். சிறந்த பாடல், சிறந்த பாடகி. என் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை.

“சார், ஜோராகி ஓதி!” என்று, சத்தமாகப் படிக்கச் சொல்லி உமேஷ் கன்னடத்தில் கத்தினார்.

“இன்னாங்க, அவர் தனக்குத்தானே படிச்சிக்கிறாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “முடிச்சதும் சொல்லுங்க, கைதட்டிடலாம்!”

அடுத்தது சிறந்த பின்னணி இசை. பதினேழு ஓட்டு ‘பதினேழாம் கம்பம்’, ஒன்பது ஓட்டு என் பூபதிராவ். போனில் படம் பார்த்த இளைஞர்கள் எல்லோரும் ஜெரோமுக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், இருந்த குரலும் போய்விட்டது. தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“உக்காரு... மச்சான்.”

சாரதா, நீ எழுதியிருந்தாய், மகிழனும் சொல்லியிருந்தான். இருந்தாலும் நான் திடுக்கிட்டேன். பெட்டி முழுவதும் திரும்பியது. பொரி மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். மச்சான் மெஷினைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு எழுந்து நின்றார். என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார்.

“ஜெரோம் பேரச் சொல்ல... இவனுக்கு... வாய் வராது. வயித்தெரிச்சல். நான்... சொல்றேன்.”

அவர் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா... பாக்குறீங்க?”

வின்னி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். உமேஷுக்கும் கண் கலங்கியிருந்தது. பொரி ஒட்டிய கையை அப்படியே தூக்கிக் கும்பிட்டு, அவர் சொன்னார்:

“அண்ணா! ஈகலாதரூ ஸ்ருதி சேரித்தல்லா!”

இத்தனை வருடம் கழித்து இப்போதாவது உங்களுக்குச் சுருதி சேர்ந்ததே என்று அர்த்தம். மச்சான் பாடும்போதெல்லாம், பாட்டு ஒரு சுருதியில் போகிறது, நீங்கள் ஒரு சுருதியில் போகிறீர்கள் என்று சண்டை பிடித்தவர் உமேஷ்தான். உமேஷை அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். நான் இதுவரை யாரையும் அடித்ததில்லை.

மச்சான் உமேஷையே பார்த்தார். மெஷினை அழுத்தினார்.

“டேய் உமேஷ்... பேட்டரி... புல்லா... போட்டுகினு வந்திருக்கேன். வைட்ஃபீல்டு வரைக்கும்... நீ... எங்கயும்... தப்ப முடியாது.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மீதி முடிவுகள் எல்லாவற்றையும் அவரே படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வசவு. தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: “இந்த வருஷத்தோட... மோசமான கதை வசனம். ஓடாத படத்த... ரெண்டாவது வாட்டி... தியேட்டர்ல பாத்த... என் மச்சான் சின்னப்பா.” நம் சட்டப்படி பெட்டியில் இருந்த அனைவருக்கும் நான் டீ வாங்கித் தர வேண்டும் என்று தீர்ப்பு. வைட்ஃபீல்டில் இறங்க வேண்டிய உமேஷ் கண்டோன்மென்ட் வரை இறங்கவில்லை. வின்னியும் இறங்கவில்லை. லேபுக்குப் போன் செய்து வண்டி லேட் என்றாள்.

பிளாட்பாரத்தில் டீ குடிக்கும்போது மச்சான் என்னைப் பார்த்து, “எப்படி... இருந்துச்சு? உண்மைய... சொல்லு” என்றார். “வேகமாகப் பேசும்போது வார்த்தைகள் ஒட்டிக்கொள்கின்றன. நிறுத்தி நிறுத்திப் பேசுவது நன்றாக இருக்கிறது. சிரிப்புக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கலாம்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு டீ கேட்டார்.

அவர் உன்னிடம் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. கண்டோன்மென்டில் பேட்டரி தீர்ந்துபோனது. வேறு பேட்டரி வாங்கிப் போடு, அவரே சொல்லுவார்.

கடைசியாக, என் பிழை. யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று உனக்கும் அவருக்கும் உறுதியாக எழுதினேன். சிரித்தார்கள் சாரதா. டேக்கலுக்கு முன்னால் ஆரம்பித்து மாலூர் தாண்டியும் சிரித்தார்கள். அடுத்த பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நானும்தான். அந்தக் குறிப்பு தவறு.

உன் அண்ணன்,
சின்னப்பா